மலையில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்: நீலகிரியில் சொகுசு செடான் வாங்க எண்ணுவோருக்கு ஒரு திறந்த மடல்



பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி, லெக்சஸ் ஆகிய நிறுவனங்களின் ஷோரூம் எதுவும் நீலகிரி மாவட்டத்தில் இல்லாததால், அவற்றின் கார்களை வாங்க விரும்பும் மலைக் குடும்பம் கோயம்புத்தூருக்கு இறங்கி, விற்பனைப் பிரதிநிதி பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க, நகரத்தின் அகலச் சாலை ஒன்றில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவதே வழக்கமாக இருந்து வருகிறது. டெஸ்ட் டிரைவ் எனப்படும் அந்தச் சோதனை ஓட்டத்தில் தெரிய வருவன, நேர்சாலையில் வண்டி எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது, கண்ணாடியை ஏற்றினால் வெளிச்சத்தம் எவ்வளவு அடங்குகிறது, இருக்கை எவ்வளவு மெத்தென்றிருக்கிறது என்பவையே. குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு வளைவுகளிலும் மேல் குன்னூர்ச் சந்துகளிலும் வண்டியின் தகுதியைத் தீர்மானிக்கும் குணங்கள் வேறு. அவற்றைச் சமவெளியில் அளக்க வழியே இல்லை. வாங்க எண்ணும் கார்களை மலைப்பாதையிலேயே, அதிலும் ஏற்றத்தைவிட இறக்கத்தில், ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இம்மடல் எழுதப்படுகிறது.

செடான் என்பது பயணிகள் அமரும் பகுதிக்குப் பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார் வகை. சொகுசு செடான்களில் பென்ஸ் சி-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் போன்றவை சிறிய பிரிவு. எஸ்-கிளாஸ், 7 சீரிஸ் ஆகியவை பெரிய பிரிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட பென்ஸ் இ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், ஆடி ஏ6, லெக்சஸ் இஎஸ் ஆகியவையே நடுத்தரப் பிரிவு. இவற்றுள் பி.எம்.டபிள்யூ. சென்னைக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலும், பென்ஸ் புனேயை அடுத்த சாகனிலும் பாகங்களை ஒன்றிணைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 5 சீரிஸின் இப்போதைய தலைமுறை 2024 ஜூலையிலும், இ-கிளாஸின் இப்போதைய தலைமுறை அதே ஆண்டு அக்டோபரிலும் இந்தியாவில் அறிமுகமாயின. ஆடி ஏ6 2019 அக்டோபரில் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்தது.

மலைவாசிகள் முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சினை அல்ல, நீளத்தை. முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடைப்பட்ட தூரம் வீல்பேஸ் எனப்படும். பின்னிருக்கையில் கால் நீட்டி அமர விரும்பும் முதலாளிகளுக்காகச் சீனச் சந்தையில் இந்தத் தூரத்தை நீட்டித் தயாரிக்கும் பழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. 2017 பிப்ரவரியில் பென்ஸ் நிறுவனம் நீட்டப்பட்ட இ-கிளாஸை இந்தியாவுக்குக் கொண்டு வந்தபோது, வலப்புற ஸ்டீயரிங்குடன் அந்த வடிவம் விற்பனைக்கு வந்த முதல் நாடு இந்தியாவாக அமைந்தது. 2024இல் 5 சீரிஸும் அதே வழியில் நீண்டது. இன்று அந்த 5 சீரிஸின் மொத்த நீளம் 5,165 மில்லிமீட்டர், வீல்பேஸ் 3,105. இ-கிளாஸின் நீளம் 5,092, வீல்பேஸ் 3,094. லெக்சஸ் இஎஸ் 4,975க்கு 2,870. ஆடி ஏ6 4,939க்கு 2,924. ஓட்டுநரை வைத்துக்கொண்டு தில்லியிலோ மும்பையிலோ விமான நிலையத்துக்குப் போய் வருவோருக்கு அந்த நீட்சி வரப்பிரசாதமாக இருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது வேறு கணக்காகிவிடுகிறது. கார் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிச் செல்கின்றன. ஆறு மீட்டர் ஆரத்தில் திரும்பும் இரு கார்களைக் கணக்கிட்டால், நீண்ட 5 சீரிஸின் பின் சக்கரம் ஏ6இன் பின் சக்கரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே ஒதுங்கும். வளைவின் உள் ஓரத்தில் தார் பெயர்ந்து, அதற்கடுத்து மழைநீர் வடிகால் தொடங்கும் இடங்களில் அந்த 10 சென்டிமீட்டர்தான் டயரின் பக்கச்சுவர் தப்புமா கிழியுமா என்பதை முடிவு செய்கிறது.

வீல்பேஸ் நீள்வதால் வரும் இன்னொரு தொல்லை தோட்டத்துப் பங்களாக்களுக்கு ஏறும் பாதைகளில் வெளிப்படும். தார்ச்சாலையிலிருந்து பிரிந்து, வடிகால் மேல் போட்ட கான்கிரீட் பலகையைத் தாண்டி, உடனே கல்பாவிய செங்குத்துச் சரிவில் ஏறும் நுழைவாயில் இல்லாத தேயிலைத் தோட்டம் அரிது. அந்தச் சரிவு முடியும் முகட்டில் முன் சக்கரங்கள் மேலே ஏறிவிட்டும் பின் சக்கரங்கள் இன்னும் சரிவிலும் நிற்கும் நொடியில், இரண்டுக்கும் நடுவிலுள்ள அடிப்பாகம் தரையைத் தேய்க்கிறதா இல்லையா என்பது தரையிடைவெளியை மட்டுமன்றி வீல்பேஸையும் பொறுத்தது. அதனால் விளம்பர ஏட்டில் அச்சிடப்பட்டிருக்கும் தரையிடைவெளி எண் இங்கே பாதி உண்மையைத்தான் சொல்லும். கொழுந்து லாரிக்கும் ஜீப்புக்கும் போடப்பட்ட பாதையில் செடான் ஏறுமா என்பதற்கு, அதே வாயிலில், வீட்டார் அனைவரும் ஏறி அமர்ந்த நிலையில், அந்தக் காரையே ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

எஞ்சினைப் பற்றிய பேச்சு ஷோரூமில் அதிகமாகவும் மலையில் குறைவாகவும் நடக்க வேண்டியது. ஆயினும் உயரம் சார்ந்த ஒரு செய்தி விளக்கத்துக்குரியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு, காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குக்கர் இல்லாமல் அங்கே சோறு வேகத் தாமதமாவதற்குக் காரணமான அந்தக் குறைவே, தானாகக் காற்றை உறிஞ்சி இயங்கும் எஞ்சினின் திறனையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது. புகைப்போக்கு வாயுவின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவியே டர்போ. அது பொருத்தப்பட்ட எஞ்சின் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். 5 சீரிஸ், இ-கிளாஸ், ஏ6 மூன்றும் டர்போ எஞ்சின் கொண்டவை. லெக்சஸ் இஎஸ் 300எச் காரில் உள்ள 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு டர்போ இல்லை. உடனிருக்கும் மின் மோட்டார் மட்டுமே உயரத்தால் பாதிக்கப்படாமல் உதவுகிறது. கோயம்புத்தூரில் அமைதியும் போதிய வேகமும் காட்டும் அந்தக் கார் தொட்டபெட்டா ஏற்றத்தில் எப்படி முனகுகிறது என்பது காதால் கேட்டு அறிய வேண்டியது. ஏற்றத்தில் வண்டியை இழுப்பது குதிரைத்திறன் எண்ணைவிட, டார்க் எனப்படும் முறுக்குவிசை என்பதால், 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட, 5 சீரிஸ் வரிசையின் 530எல்ஐ பெட்ரோல் காரோடு ஒப்பிட, 197 குதிரைத்திறனே கொண்டிருந்தும் 440 நியூட்டன் மீட்டர் தரும், இ-கிளாஸ் வரிசையின் இ 220டி டீசல் கார் மலையில் சளைத்ததாக இராது.

எந்தச் சக்கரங்களுக்கு எஞ்சினின் விசை செல்கிறது என்ற கேள்வியை விற்பனையாளரும் எழுப்புவதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால் பின் சக்கரங்கள் தரையை நன்கு பற்றுகின்றன, முன் சக்கரங்களின் பிடி தளர்கிறது. 5 சீரிஸும், இ 200, இ 220டி ஆகியவையும் பின் சக்கர இயக்கம் உடையவை; இ 450 நான்கு சக்கரங்களாலும் இயங்குவது; ஏ6 45 டிஎஃப்எஸ்ஐ, லெக்சஸ் இஎஸ் இரண்டும் முன் சக்கர இயக்கம் கொண்டவை. ஆகவே நீளத்தில் மலைக்கு ஏற்றதாகத் தோன்றிய ஏ6, ஐப்பசி கார்த்திகை மழையில் பாசி படர்ந்த கல்பாவிய சரிவில் நின்று கிளம்பும்போது முன் சக்கரங்கள் வழுக்கித் தடுமாற இடமுண்டு. நீளத்தால் இடர் தரும் 5 சீரிஸ் அதே சரிவில் அமைதியாக ஏறிவிடக்கூடும். விளம்பர ஏடுகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவோருக்கு இந்த முரண் புலப்படாது.

இனி இறக்கம். மலை ரயிலை அமைத்தவர்கள் இறக்கத்தையே பெரிய சிக்கலாகக் கருதினார்கள் என்பதற்கு, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பதித்த பல்சட்டமும், ஒவ்வொரு பெட்டியிலும் நின்று தனித்தனியே பிரேக் பிடிக்கும் பணியாளர் முறையும் இன்றைக்கும் சான்று. காருக்கும் அதே இயற்பியல்தான். பயணிகளும் பெட்டிகளுமாக 2,000 கிலோ எடையுள்ள ஒரு செடான் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், வீட்டு மீட்டரில் ஓடும் கணக்கில் சொன்னால், பத்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதைக் காற்றின் தடையும் டயர் உராய்வும் ஓரளவு ஏற்க, எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும்தான் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். முழுப் பொறுப்பும் பிரேக்கின் மீது விழுந்தால் தட்டுகள் பழுக்கக் காய்ந்து பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக் கூடியது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு தரவிதி எதிர்பார்ப்பது 155 டிகிரியே. அந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால் மிதி கால்வைத்ததும் தளர்ந்து கீழே போகும். இதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட சொகுசு கார்களில் அந்த அறிவுரையை நிறைவேற்றுவது ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை. 'டி' நிலையில் விட்டால் சில கார்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் நோக்கில் இறக்கத்திலும் மேல் கியருக்கு மாறி வழுக்கிக்கொண்டு ஓடும். சில கார்கள் சரிவை உணர்ந்து தாமே கீழ் கியரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள பேடில் விசைகளால் இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுத்த பிறகும் சற்று நேரத்தில் தன் விருப்பத்துக்குத் திரும்பிவிடும் கார்களும் உண்டு. எஞ்சினோடும் மின் மோட்டாரோடும் இயங்கும் ஹைப்ரிட் கார் இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலைப் பேட்டரியில் சேமிக்கிறது என்பது மெய். ஆனால் அதன் சிறிய பேட்டரி மேற்சொன்ன பத்து யூனிட்டில் ஒரு சிறு பங்குக்கு மேல் கொள்ளாது, நிரம்பிய பின் எஞ்சின் வெறுமனே உறுமிச் சுழன்று வேகத்தைத் தடுக்க வேண்டியதுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், கீழ் கியரில், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே எத்தனை முறை பிரேக்கைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு காரின் குணமும் விளங்கிவிடும். கீழே வந்து நிறுத்தியதும் சக்கரத்தைத் தொடாமல் அதன் அருகே நின்று கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்து, மிதி முதலில் இருந்த உயரத்திலேயே கடினமாக நிற்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது, பொறியாளர் உதவியின்றி எவரும் செய்யக்கூடிய சோதனை.

சோதனை ஓட்டத்தில் பெரும்பாலும் விட்டுவிடப்படுபவர் பின்னிருக்கையில் அமரப்போகும் பெரியவர். நீண்ட செடான்கள் அவருக்காகவே நீட்டப்பட்டன. ஆனால் மென்மையான சஸ்பென்ஷன் நேர்சாலையில் தாலாட்டுவதும், அதே மென்மை அடுத்தடுத்த வளைவுகளில் உடலைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துத் தலைசுற்றலையும் வாந்தியையும் வரவழைப்பதும் ஒரே காரில் நிகழ்வன. குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு மாதந்தோறும் இறங்கும் முதியவர் வீட்டில் இருந்தால், தீர்ப்பு அவருடையதாகவே இருக்கட்டும். ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்களை. கூரை நசுங்காமல் காக்கத் தடிமனாக்கப்பட்ட அந்தத் தூண், வலப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து இறங்கி வரும் அரசுப் பேருந்தை முழுவதுமாக மறைத்துவிடக் கூடும். எந்தக் காரில் தலையை முன்னே நீட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது ஓட்டும்போது மட்டுமே தெரியும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அந்த உரிமையை எதிரே வருபவர் மதிப்பார் என்று நம்பித் திரும்புவதைவிட, அவரைக் கண்ணால் காண முடிகிற கார் மேல்.

இருட்டிய பின் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் தேவை. தேயிலைச் செடிகளுக்கிடையிலிருந்து சாலைக்கு இறங்கி அசையாமல் நிற்கும் காட்டெருமை கருநிறம் கொண்டது. வளைவுக்கு ஏற்பத் திரும்பி ஒளி பாய்ச்சும் விளக்குகள் எல்லா விலைப் பிரிவுகளிலும் கொடுக்கப்படுவதில்லை. பனிமூட்டத்தில் அந்த விளக்குகள் எதிரே வெண்சுவர் எழுப்புகின்றனவா, சாலையின் ஓரக்கோட்டைக் காட்டுகின்றனவா என்பதையும் அதே மாலையில் அறிந்துகொள்ளலாம்.

பழுது பார்க்கும் நிலையமும் கோயம்புத்தூரில்தான் என்பதால் டயரைப் பற்றி ஒரு சொல். காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய கெட்டியான பக்கச்சுவர் கொண்ட ரன்-ஃபிளாட் டயர்கள் பொதுவாக 80 கிலோமீட்டர் வரை, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஓடத் தகுந்தவை. உதகையிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மாற்றுச் சக்கரம் டிக்கியில் உண்டா, உண்டென்றால் முழு அளவினதா என்று கேட்பது, இருக்கைத் தோலின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

மலைக்குச் சோதனைக் காரை வரவழைப்பதில் சில நடைமுறைகள் உள்ளன. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு நாள் ஒன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டெனினும், ஷோரூமின் சோதனைக் கார் கோயம்புத்தூர்ப் பதிவாகவே இருக்கும் என்பதால் பாஸ் எடுக்கும் பொறுப்பை விற்பனையாளரிடம் விடுவதே முறை. கோடைக்காலத்தில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குவனவற்றைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக அனுப்பும் வழக்கம் இருப்பதால், அந்த நெரிசல் ஓய்ந்த பின் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுப்பது உசிதம். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுப் பாதையில் வெளியூர்ப் பதிவு வண்டிகள் இறங்கத் தடை உள்ளதால் அதைச் சோதனைக்குக் கருத வேண்டாம். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கார்களை ஒரே பாதையில், முடிந்தால் ஒரே நாளில், அதே பயணிகளோடு ஓட்டுவது அவசியம். வெயிலில் ஒன்றையும் மழையில் மற்றொன்றையும் ஓட்டினால் ஒப்பீடு ஆகாது. ஓட்டிப் பார்க்கத் தரப்படும் காரும் வாங்கப்போகும் காரும் ஒரே எஞ்சினும் ஒரே சக்கர அளவும் கொண்டவைதானா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லலாம். அறிமுகத்தின்போது 530எல்ஐ காரின் ஷோரூம் விலை 72.9 லட்சம் ரூபாய், இ 200 காரின் விலை 78.5 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய பெரிய கார்களுக்கு முன்பிருந்த ஜி.எஸ்.டி.யும் கூடுதல் தீர்வையும் நீக்கப்பட்டு 40 விழுக்காடு என ஒரே வரி விதிக்கப்பட்டதால் விலைகள் சற்று இறங்கின. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுட்கால சாலை வரி 20 விழுக்காடு. இவ்வளவு தொகை கொடுப்பவருக்கு மலையில் ஒரு முழு நாள் சோதனை ஓட்டம் கேட்க உரிமை இல்லையென்று எந்த விற்பனையாளரும் சொல்லிவிட முடியாது.

இம்மடலின் தீர்ப்பையும் மறைக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய் வருவோர் நீண்ட இ-கிளாஸையோ 5 சீரிஸையோ வாங்கினால் குறை சொல்வதற்கில்லை. அவற்றுள்ளும் டீசல் எஞ்சின் கொண்ட இ 220டி மலைக்குக் கூடுதல் பொருத்தம். தாமே ஓட்டி, தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் நாள்தோறும் சென்று வருவோர் ஒரு படி இறங்கி, 4,751 மில்லிமீட்டர் நீளமும் பின் சக்கர இயக்கமும் கொண்ட சி-கிளாஸையும் அந்த ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது நலம். சிறிய பிரிவிலும்கூட 2021 முதல் 3 சீரிஸ் நீட்டப்பட்ட வடிவத்தில் விற்கப்படுவதால் அளவுகளைக் கேட்டறிந்த பிறகே அதைக் கருத வேண்டும். பெரிய கார் வாங்கும் வசதியிருந்தும் சிறியதை வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் மனப்பான்மை மேல் குன்னூரில் எதிரே கொழுந்து லாரி வரும்போது சாலை ஓரத்துக்கு ஒதுங்கப் பயன்படாது.

ஆகவே, அடுத்த முறை கோயம்புத்தூர் ஷோரூமில் முன்பணப் படிவம் நீட்டப்படும்போது கையெழுத்திடாமல், குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும் சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்து, இ-பாஸ், காப்பீடு, எரிபொருள் ஆகியவற்றின் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுமாறும், அந்த ஓட்டத்தில் தங்கள் வீட்டு வாயிலையும் வீட்டுப் பெரியவரையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுமாறும் தங்கள் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.